ஸ்க்ரீன்ல அஞ்சு பேர் தெரிஞ்சா கோரம் (quorum) ஆயிடாது: கொரோனா நேரத்துல எத்திக்ஸ் கமிட்டி நடத்துன கதை

கொரோனா டைம்ல வார்டுல நின்னவங்க பட்ட பாட்டைப் பத்தி நெறைய பேர் எழுதிட்டாங்க. இது அந்தக் கதை இல்ல. நான் தென்மாவட்டத்துல ஒரு அரசு மெடிக்கல் காலேஜ்ல ஃபார்மகாலஜி டிபார்ட்மெண்ட்ல வேல பாக்குறேன், 2019 நவம்பர்ல இருந்து மூணு வருஷம் எங்க எத்திக்ஸ் கமிட்டிக்கு மெம்பர் செக்ரட்டரியா இருந்தேன். வெளிய இருக்கவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கதே தெரியாது. காலேஜ்ல யாரு மனுஷங்கள வெச்சு எந்த ஆராய்ச்சி பண்ணணும்னாலும், அது பிஜி ஸ்டூடண்ட் தீசிஸா இருந்தாலும் சரி பெரிய மருந்து ட்ரயலா இருந்தாலும் சரி, இந்தக் கமிட்டி பாத்து ஓகே சொன்னப்புறம்தான் ஒரு சொட்டு ரத்தம் கூட எடுக்கலாம். மெம்பர் செக்ரட்டரின்னா பேரு பெருசு, ஆனா அப்ளிகேஷன் வாங்குறது, செக் பண்றது, மீட்டிங் கூட்டுறது, மினிட்ஸ் எழுதுறது, லெட்டர் அடிக்கிறது, ஆடிட் வந்தா முன்னாடி நிக்கிறது எல்லாம் அந்த ஒரு ஆள்தான். கூடுதல் பொறுப்பு, கூடுதல் சம்பளம் கிடையாது. எனக்கு முன்னாடி இருந்த மேடம் ட்ரான்ஸ்ஃபர்ல போகும்போது ரெண்டு பீரோ சாவியும் ஒரு ரெஜிஸ்டரும் கையில குடுத்துட்டு "ரெண்டு மாசத்துக்கு ஒரு மீட்டிங்தான்மா, ஒண்ணும் இருக்காது"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நாலே மாசம்தான் அந்த ஒண்ணும் இல்லாதது இருந்துச்சு.

2020 மார்ச் 24 ராத்திரி லாக்டவுன் அறிவிச்சப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது வீட்ல அரிசி இருக்கான்னு, ரெண்டாவது வந்தது அந்த ரெண்டு பீரோ. ஏப்ரல் முதல் வாரம் மீட்டிங், 14 தீசிஸ் ப்ரோட்டோகால், அதாவது ஆராய்ச்சித் திட்டம், ஒவ்வொண்ணுக்கும் 12 செட் ஜெராக்ஸ், எல்லாமே அந்த ரூம்ல. எங்க கமிட்டியில பாதிப் பேர் வெளி ஆளுங்க, அப்படித்தான் இருக்கணும், சேர்மனும் காலேஜுக்கு வெளிய இருந்துதான் வரணும். எங்க சேர்மன் சார் ரிட்டயர் ஆன ப்ரொஃபஸர், 74 வயசு, பக்கத்து மாவட்டம். வக்கீல் சார் வேற ஊரு. சோஷியாலஜி மேடம் வேற ஊரு. லே பெர்சன்னு ஒருத்தர் இருக்கணும், அதாவது மருத்துவத்துக்கு சம்பந்தமே இல்லாத பொதுஜனம், அது எங்களுக்கு ஒரு அக்கா, மகளிர் சுய உதவிக் குழு தலைவி, தையல் கடை வெச்சிருந்தாங்க. இவங்க எல்லாரையும் இ-பாஸ் வாங்கி கூட்டிட்டு வர்ற நெலமை இல்ல, 74 வயசு மனுஷனை கொரோனா ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கூப்பிடுற தைரியமும் எனக்கு இல்ல. சரி, ஆன்லைன்தான்னு முடிவு பண்ணோம். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட 2017 வழிகாட்டுதல்லயே பேரிடர் நேரத்துல ஆன்லைன்ல கூடலாம்னு இருந்துச்சு, 2020 ஏப்ரல்ல கொரோனாவுக்குன்னே எத்திக்ஸ் கமிட்டிகளுக்கு தனி வழிகாட்டுதல் போட்டாங்க, அதுலயும் இடம் குடுத்திருந்தாங்க. ஆனா எங்க காலேஜ் எஸ்ஓபி-ல, அதாவது கமிட்டி எப்படி நடக்கணும்னு எழுதி வெச்ச நடைமுறை விதியில, ஆன்லைன்ங்கிற வார்த்தையே இல்ல. இதுதான் நான் மொத மொத கோட்டை விட்ட இடம். மேல இருந்து அனுமதி இருக்கேன்னு நேரா மீட்டிங் போட்டுட்டேன், எஸ்ஓபி-ய திருத்தி எல்லார்கிட்டயும் ஒப்புதல் வாங்கினது ரெண்டு மீட்டிங் முடிஞ்சப்புறம். நீங்க இந்தப் பதவியில இருந்தீங்கன்னா இன்னைக்கே, ஊரு நல்லா இருக்கும்போதே, எஸ்ஓபி-ல ஒரு பக்கம் சேத்துடுங்க: ஆன்லைன்ல எப்படி கூடுவோம், அட்டெண்டன்ஸ் எப்படி, ஓட்டு எப்படி, லைன் கட் ஆனா என்ன. அந்தக் கடைசி வரி எதுக்குன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

ரூம்ல பூட்டிக் கெடந்த ஃபைலை எல்லாம் நானே ஸ்கேன் பண்ணேன். ஆபீஸ்ல இருந்த ஜூனியர் அசிஸ்டெண்ட் தம்பிய கொரோனா கண்ட்ரோல் ரூம் டியூட்டிக்கு எடுத்துட்டாங்க. காலேஜ் ஸ்கேனர் டீன் ஆபீஸ்ல, அங்க போய் நின்னா வேற நாலு வேல தலையில கட்டுவாங்க, அதனால சொந்தக் காசுல 9,500 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கினேன், லாக்டவுன்ல கடைக்காரர் பின்பக்கக் கதவு வழியா எடுத்துக் குடுத்தாரு, பில் இல்லாம. பில் இல்லாததோட அருமை ஒரு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுச்சு. மீட்டிங் மொதல்ல ஜூம்ல போட்டோம், இலவசத்துல 40 நிமிஷம்தான், 40 நிமிஷத்துல நாலு ப்ரோட்டோகால் கூட பேச முடியாது. ஒருவழியா எல்லாருக்கும் போன்லயே ஒவ்வொரு பட்டனா சொல்லிக்குடுத்து பழக்கினேன், சேர்மன் சாருக்கு மட்டும் ரெண்டு மணி நேரம். ஏப்ரல் 16 உள்துறை அமைச்சகம் ஜூம் பாதுகாப்பான ப்ளாட்ஃபார்ம் இல்ல, அரசு அதிகாரிங்க ஆபீஸ் வேலைக்கு யூஸ் பண்ணக்கூடாதுன்னு அறிவிச்சுடுச்சு. நோயாளிங்க சம்பந்தப்பட்ட பேச்சு, ரிஸ்க் எடுக்க முடியாது, மறுபடி வேற ஆப், மறுபடி சேர்மன் சாருக்கு ரெண்டு மணி நேரம். அவர் ஒரு தடவை கூட அலுத்துக்கல, நான்தான் போனை வெச்சுட்டு கிச்சன்ல நின்னு அழுதேன்.

ஏப்ரல், மே ரெண்டு மாசத்துல 63 அப்ளிகேஷன் வந்துச்சு. எங்களுக்கு ஒரு வருஷத்துக்கே 90 வந்தா பெருசு. ஓபி-யும் அவசரம் இல்லாத ஆபரேஷனும் நின்னுபோச்சு, பிஜி ஸ்டூடண்ட்ஸுக்கு தீசிஸுக்கு கேஸ் இல்ல, அதனால எல்லாரும் கூகுள் ஃபார்ம்ல இறங்கிட்டாங்க. நர்ஸ்களுக்கு கொரோனா பத்தி என்ன தெரியும், ஸ்டூடண்ட்ஸுக்கு என்ன பயம், ஹைட்ராக்சிக்ளோரோக்வின்ங்கிற மலேரியா மாத்திரை போட்டுக்கிட்டவங்களுக்கு என்ன சைட் எஃபெக்ட். மார்ச் 23-லயே ஐசிஎம்ஆர் டாஸ்க் ஃபோர்ஸ் சுகாதாரப் பணியாளர்கள் அந்த மாத்திரைய தடுப்புக்குப் போட்டுக்கலாம்னு சொல்லியிருந்துச்சு, அதனால அத வெச்சு மட்டும் ஏழு ப்ரோட்டோகால். ஒவ்வொருத்தரும் போன் பண்ணி சொல்றது ஒரே டயலாக்: "மேடம், இது எமர்ஜென்சி, எக்ஸ்பெடைட்டட்ல போட்டுடுங்க." இங்க ஒண்ணு சொல்லணும், நெறைய சீனியர்களே இதுல குழம்புறாங்க. அவசரம் வேற, எக்ஸ்பெடைட்டட் ரிவ்யூ வேற. எக்ஸ்பெடைட்டட்ங்கிறது ஆபத்து ரொம்பக் கம்மியா இருக்க ஆராய்ச்சிக்கு, முழு கமிட்டி கூடாம ரெண்டு மூணு பேர் பாத்து முடிவு பண்றது. ஆபத்து கொஞ்சம் ஜாஸ்தின்னாலும், ஊரே பத்தி எரிஞ்சாலும், முழு கமிட்டி பாத்தே ஆகணும், வேணும்னா ராத்திரி ஒம்பது மணிக்கு கூட்டிக்கலாம். வேகமா கூடுறது நம்ம கையில இருக்கு, பாக்காம விடுறது இல்ல. இத நான் ஒரு பக்க நோட்டா எழுதி எல்லா டிபார்ட்மெண்டுக்கும் அனுப்பினப்புறம் போன் பாதியாக் கொறஞ்சுச்சு. மொதல் வாரமே அனுப்பியிருந்தா ஒரு மாசம் தூங்கியிருப்பேன்.

அந்த ஏழு ப்ரோட்டோகால்ல இன்னொரு கூத்து. மே 22 லான்செட்ங்கிற மருத்துவ ஜர்னல்ல ஹைட்ராக்சிக்ளோரோக்வின் போட்டவங்க ஜாஸ்தி இறக்குறாங்கன்னு பேப்பர் வந்துச்சு, உலக சுகாதார நிறுவனம் அவங்க ட்ரயல்ல அந்தப் பகுதிய நிறுத்தி வெச்சாங்க. ஏழு பேருக்கும் கன்சென்ட் ஃபார்ம்ல, அதாவது ஆராய்ச்சியில சேர்றவங்க சம்மதம்னு கையெழுத்து போடுற ஃபார்ம்ல, இந்தத் தகவலை சேத்துக் குடுங்கன்னு லெட்டர் அடிச்சேன். ஜூன் 4 அந்தப் பேப்பரையே வாபஸ் வாங்கிட்டாங்க, டேட்டாவ சரிபாக்க முடியலன்னு. மறுபடி ஏழு லெட்டர். ரெண்டு வாரத்துல ரெண்டு தடவை. ஒரு பிஜி பையன் கேட்டான், "மேடம், மூணாவது வெர்ஷன் எப்ப?"ன்னு. கோவப்படவும் முடியல.

இப்ப வர்றது ஜூன் கடைசி மீட்டிங். இத எழுதத்தான் இவ்ளோ நாள் தயங்குனேன். கொரோனா வார்டுல அட்மிட் ஆகுறவங்ககிட்ட கூடுதலா 5 மில்லி ரத்தம் எடுத்து நோய் எப்படி இருக்குன்னு காட்டுற சில மார்க்கர் பாக்குறது, மிச்ச சாம்பிளை ஃப்ரீசர்ல வெச்சு பின்னாடி வேற ஆராய்ச்சிக்கு யூஸ் பண்றது, இதுதான் ப்ரோட்டோகால். பிஐ, அதாவது ஆராய்ச்சிய நடத்துற முதன்மை ஆய்வாளர், ஒரு பெரிய டிபார்ட்மெண்ட் எச்ஓடி, அதாவது துறைத் தலைவர். மீட்டிங்ல எட்டு பேர் சேந்தோம். லே பெர்சன் அக்கா வீட்ல ஒரே ஒரு ஸ்மார்ட் போன், அதுல மகனுக்கு ஆன்லைன் க்ளாஸ், காலையில பத்து மணிக்கு மீட்டிங் வெச்சது என் தப்பு, நான் கேக்கவே இல்ல. அக்கா பையன் க்ளாஸை கட் பண்ணிட்டு சேந்தாங்க. நடுவுல லைன் போச்சு. ஸ்க்ரீன்ல அவங்க பேரு மறைஞ்சத யாரும் கவனிக்கல, நானும்தான், நான் மினிட்ஸ் டைப் பண்ணிட்டு இருந்தேன். சேர்மன் சார் "யாருக்கும் ஆட்சேபணை இருக்கா"ன்னு கேட்டாரு, சத்தம் இல்ல. ரூம்ல உக்காந்து நடத்துற மீட்டிங்ல சத்தம் இல்லன்னா முகத்தப் பாப்போம், ஒருத்தர் உதட்டப் பிதுக்குனா தெரியும், ஒருத்தர் பேனாவ மூடி வெச்சா தெரியும். இங்க சத்தம் இல்லன்னா சம்மதம்னு எடுத்துக்கிட்டோம். அப்ரூவ்டு. சாயங்காலமே லெட்டர் கேட்டு நாலு போன், அஞ்சரைக்கு மெயில் அனுப்பிட்டேன்.

மினிட்ஸை முடிக்கலாம்னு ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி உக்காந்தேன். ஆப்-ல இருந்து யார் எப்ப உள்ள வந்தாங்க எப்ப வெளிய போனாங்கன்னு ரிப்போர்ட் வரும், அட்டெண்டன்ஸுக்காக எடுத்தேன். அக்கா 10:52-க்கு வெளிய போனது, திரும்ப வரவே இல்ல. நாங்க அந்த ப்ரோட்டோகாலை எடுத்ததே 10:58-க்கு. கோரம்னா முடிவு செல்லணும்னா மீட்டிங்ல கண்டிப்பா இருக்க வேண்டிய ஆளுங்க; எங்க எஸ்ஓபி-ப்படி லே பெர்சன் இல்லாம கோரமே கிடையாது. மருந்து ட்ரயலுக்கு மத்திய அரசோட 2019 விதியிலயே அஞ்சு பேர் யார் யாரு இருக்கணும்னு பட்டியல் இருக்கு, மெடிக்கல் சயின்டிஸ்ட், க்ளினிஷியன், வக்கீல், சமூக அறிவியல் ஆளு, லே பெர்சன். இது மருந்து ட்ரயல் இல்ல, ஆனா எங்க எஸ்ஓபி-ல எல்லா முழு ரிவ்யூவுக்கும் அதே பட்டியலைத்தான் வெச்சிருந்தோம். ஏழு பேர் இருந்தாங்களே, அஞ்சுக்கு மேல தானேன்னு கேப்பீங்க. எண்ணிக்கை மட்டும் போதாது, அந்தப் பட்டியல்ல இருக்க ஒவ்வொரு ஆளும் முடிவெடுக்குற அந்த நிமிஷத்துல இருக்கணும். கோரம் இல்லாம எடுத்த முடிவு செல்லாது. காலையில வார்டுக்குப் போன் பண்ணேன். ஒம்பது பேர்கிட்ட ரத்தம் எடுத்தாச்சு.

ஒருத்தர்கிட்ட சொன்னேன், பேரு பதவி எதுவும் வேணாம், என்னை விட மேல இருக்கவரு. அவர் சிரிச்சாரு. "இருந்தாங்கன்னு எழுதிக்கோங்க, அந்தம்மாகிட்ட அப்புறமா ஒரு கையெழுத்து வாங்கிக்கோங்க, இதையெல்லாம் யாரு பாக்கப் போறா." பொய் சொல்ல விரும்பல, அன்னைக்கு ராத்திரி நான் அதை செய்யத்தான் உக்காந்தேன். அக்கா பேரையும் அட்டெண்டன்ஸ்ல டைப் பண்ணிட்டேன். அக்கா கேட்டா கையெழுத்து போட்டுக் குடுப்பாங்க, என்னை அவ்ளோ நம்புவாங்க. அந்த நம்பிக்கைதான் என்னால ஜீரணிக்க முடியல. வார்டுல இருக்க ஆளுங்ககிட்ட கையெழுத்து எப்படி வாங்கணும்னு ஊருக்கு பாடம் எடுக்குற ஆளு நான், அதே ஏமாத்து வேலைய என் கமிட்டியில இருக்க அக்காகிட்டயே பண்ணப் போறேன். பதினோரு மணிக்கு சேர்மன் சாருக்குப் போன் பண்ணேன். தூக்கத்துல இருந்து எந்திரிச்சாரு. திட்டுவாருன்னு நெனச்சேன். "நானும் தானம்மா அங்க இருந்தேன், நானும் பாக்கல. காலையில லெட்டர் போடு, என் பேர்லயே போடு"ன்னாரு.

அப்ரூவல் வாபஸ், ரத்தம் எடுக்குறது நிறுத்தம், எடுத்த சாம்பிளைத் தொடக்கூடாது, அஞ்சு நாள்ல மறு மீட்டிங். எச்ஓடி போன்ல கத்துனது ரொம்ப நாளைக்கு காதுலயே இருந்துச்சு. அதை விடுங்க. மறு மீட்டிங் ராத்திரி எட்டு மணிக்கு வெச்சோம், அக்காகிட்ட கேட்டு, க்ளாஸ் இல்லாத நேரமா. அதுக்கு முந்தின நாள் நானே அக்காவுக்கு போன் போட்டு தமிழ் கன்சென்ட் ஃபார்மை முழுசா படிச்சுக் காட்டினேன். மீட்டிங்ல அக்கா கேட்டது இது, எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு. "டாக்டரம்மா, அந்த வெள்ளை ட்ரெஸ்ஸ முழுசா மாட்டிக்கிட்டு ஒருத்தர் வந்து நிக்கிறாரு, ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாது. சொந்தக்காரங்க யாரும் பக்கத்துல இல்ல. அவர் கையெழுத்து கேட்டா, போடலன்னா ஆக்சிஜனைப் புடுங்கிடுவாங்களோன்னு தோணாதா?" அப்புறம் இன்னொண்ணு: "மிச்ச ரத்தத்தை எத்தனை வருஷம் வெச்சுப்பீங்க? அதுக்கும் இதே கையெழுத்துதானா?"

ஏழு படிச்ச ஆளுங்க சேந்து அப்ரூவ் பண்ண ப்ரோட்டோகால் அது. கன்சென்ட் ஃபார்ம்ல "உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது"ன்னு ஒரு வரி இருந்துச்சு, எங்களுக்கு அது போதும்னு தோணிச்சு. அக்கா கேட்டப்புறம் மூணு மாத்தம் பண்ணச் சொன்னோம். அட்மிட் ஆன உடனே கேக்கக்கூடாது, மறுநாள் மூச்சுத்திணறல் இல்லாத நேரத்துல கேக்கணும். ட்ரீட்மெண்ட் குடுக்குற டாக்டர் கேக்கக்கூடாது, வார்டுக்கு வெளிய இருந்து ஒரு கவுன்சிலர் வீடியோ கால்ல முகத்தக் காட்டி கேக்கணும், அந்த நேரத்துல வீட்டு ஆள் ஒருத்தரையும் லைன்ல சேக்கணும். மிச்ச சாம்பிளை எடுத்து வெக்கிறதுக்கு தனி டிக், தனி கையெழுத்து, வேணாம்னா வேணாம். அந்த ஒம்பது பேர்கிட்டயும் நடந்ததச் சொல்லி மறுபடி கேக்கச் சொன்னோம். ஆறு பேர் சரின்னாங்க. ரெண்டு பேர் வேணாம்னாங்க. ஒருத்தர் இறந்துட்டாரு, அவர் சாம்பிளை அழிச்சுட்டோம். இந்த வரிய எழுதும்போது இப்பவும் கை ஒரு மாதிரி ஆகுது.

அதுல இருந்து நான் பண்ண ஆரம்பிச்சது சிலது. ஒவ்வொரு ப்ரோட்டோகாலும் எடுக்கும்போதும் முடிக்கும்போதும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆள் இருக்கான்னு பாத்தேன், பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் எடுக்குற மாதிரி, மொதல்ல சிரிச்சாங்க அப்புறம் பழகிடுச்சு. ஆட்சேபணை இருக்கான்னு பொதுவாக் கேக்குறத நிறுத்திட்டோம், ஒவ்வொருத்தரா சம்மதமா இல்லையான்னு வாயால சொல்லணும், டாக்டர் அல்லாதவங்கதான் மொதல்ல, டாக்டருங்க கடைசியில, ஏன்னா சீனியர் டாக்டர் ஒருத்தர் "சூப்பர் ஸ்டடி"ன்னு சொல்லிட்டா அதுக்கு மேல யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. லைன் கட் ஆனா அந்த இடத்துலயே பேச்சை நிறுத்திட்டு போன் போடணும், பத்து நிமிஷத்துல வரலன்னா அந்த ப்ரோட்டோகாலைத் தள்ளி வெக்கணும். மினிட்ஸ் டைப் பண்ண வேற ஒரு ஆளு, செக்ரட்டரி கண்ணு ஸ்க்ரீன்ல மட்டும். லெட்டர் அன்னைக்கே போகக்கூடாது, ஆப் ரிப்போர்ட்டையும் மினிட்ஸையும் ஒப்பிட்டுப் பாத்தப்புறம்தான்.

இன்னொரு பள்ளமும் இருக்கு. கமிட்டி மெம்பரே ஒரு ஸ்டடிக்கு பிஐ-யா இருந்தா அந்த நேரத்துல வெளிய போகணும். ரூமா இருந்தா நாற்காலி காலியாகும், கதவு சாத்தும். ஆன்லைன்ல ஒருத்தர் கேமராவையும் மைக்கையும் ஆஃப் பண்ணிட்டு "நான் போயிட்டேன்"னு சொன்னாரு, நாங்களும் நம்பி பேசுனோம். மறுநாள் காலையில சோஷியாலஜி மேடம்க்கு அவர் கிட்ட இருந்து போன், "என் ஸ்டடியில உங்களுக்கு என்ன பிரச்சன"ன்னு. மேடம் ஒரு மாசம் மீட்டிங்ல வாயே தொறக்கல. நான் ஒவ்வொரு மெம்பருக்கும் தனித்தனியா மன்னிப்பு கேட்டேன். வெயிட்டிங் ரூம்ங்கிற வசதி இருக்கு, சம்பந்தப்பட்டவரை செக்ரட்டரியே அங்க தள்ளிடணும், லிஸ்ட்ல பேரு இல்லன்னு சத்தமா சொல்லிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கணும். அவருக்கு சங்கடமா இருக்குமேன்னு பாக்காதீங்க. ரெக்கார்டிங்கும் வேணாம்னு முடிவு பண்ணோம், மினிட்ஸ்தான் பதிவு. ரெக்கார்ட் ஆகுதுன்னா அக்கா மாதிரி ஆளுங்க பேசவே யோசிப்பாங்க.

அப்ரூவ் பண்ணதோட வேல முடியாது, அங்க என்ன நடக்குதுன்னும் பாக்கணும். கொரோனா வார்டு இருக்க ரெட் ஸோனுக்குள்ள போய்ப் பாக்க முடியாது. உள்ள போன பேப்பர் வெளிய வரக்கூடாதுன்னு அப்ப ஒரு பயம் வேற. கையெழுத்து போட்ட ஃபார்மை ட்ரான்ஸ்பரண்ட் கவர்ல போட்டு கண்ணாடி வழியா போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம், ஒரிஜினலை தனியா வெச்சு பின்னாடி எடுத்தோம். போட்டோல ஒரு தடவை நாலு ஃபார்ம்ல ஒரே பேனா, ஒரே நேரம், சாட்சி கையெழுத்தும் ஒண்ணு. கேட்டப்போ டியூட்டி பிஜி பொண்ணு அழுதுடுச்சு, 12 மணி நேரம் அந்த ட்ரெஸ்ஸுக்குள்ள இருந்திருக்கு, மொத்தமா ஒரே நேரத்துல வாங்கிட்டேன் மேடம்னு. திட்டல. டீவியேஷன், அதாவது ஒத்துக்கிட்ட முறையில இருந்து விலகல்னு எழுதி வெச்சோம், ஆளை மாத்தச் சொன்னோம். கொரோனா வந்து குணமானவங்க ரத்தத்துல இருந்து எடுக்குற ப்ளாஸ்மாவுக்காக ஊரே ப்ளாஸ்மா ப்ளாஸ்மான்னு அலைஞ்ச நேரத்துல வார்டுல இருந்து ஒருத்தர், ட்ரயல் எல்லாம் வேணாம், சும்மா குடுத்துப் பாக்குறோம், அப்புறம் பேப்பர் எழுதிக்கிறோம்னு கேட்டதும் உண்டு. முடியாதுன்னேன். அப்ப என்னைக் கல்நெஞ்சக்காரின்னாங்க. ஐசிஎம்ஆர் 39 ஆஸ்பத்திரியில 464 பேரை வெச்சு பண்ண ப்ளாசிட் ட்ரயல் முடிவு அக்டோபர்ல ஜர்னல்ல வந்துச்சு, ப்ளாஸ்மாவால சாவும் கொறையல, நோய் முத்துறதும் கொறையல. நான் கரெக்டுன்னு காட்டிக்க இதச் சொல்லல, எனக்கு அப்ப முடிவு தெரியாது, யாருக்கும் தெரியாது, அதனாலதான் முடியாதுன்னேன்.

ஆகஸ்ட்ல எனக்கே பாசிட்டிவ். 17 நாள். கமிட்டி மெயில் பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும், பீரோ சாவி என் ஹேண்ட்பேக்ல. ஆக்சிஜன் 93-ல படுத்துக்கிட்டு போன்ல மெயில் பாத்தேன், ஏன்னா மருந்து ட்ரயல்ல யாராவது இறந்தா 24 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் எங்களுக்கு வரும், அதுக்கப்புறம் நாங்க 30 நாளைக்குள்ள எங்க கருத்தை மேல அனுப்பணும், அந்த கெடு எனக்கு காய்ச்சல்னு நிக்காது. என் வீட்டுக்காரர் போனைப் புடுங்கி பீரோல வெச்சுப் பூட்டுனாரு. தயவு செஞ்சு மாத்து ஆள் ஒருத்தரை எழுத்துல நியமிச்சு வெச்சுக்கோங்க, பாஸ்வேர்டை கவர்ல போட்டு சேர்மன்கிட்ட குடுத்து வைங்க. நான் இதை செஞ்சது செப்டம்பர்ல, அதுவும் சேர்மன் சார் மிரட்டினதால.

காசு கணக்கு. ஸ்கேனர் 9,500. ஒன்றரை வருஷத்துக்கு அக்காவுக்கும் இன்னும் ரெண்டு மெம்பருக்கும் நெட் ரீசார்ஜ் கிட்டத்தட்ட 11,000. கையெழுத்துக்காக ஸ்பீட் போஸ்ட், ஜெராக்ஸ், பென் ட்ரைவ்னு ஒரு 6,000. அக்காவுக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு போன் 4,500. மொத்தம் 31,000. ஒரு வருஷம் கழிச்சு க்ளெய்ம் போட்டேன், முன் அனுமதி இல்ல, பாதிக்கு பில் இல்ல, திருப்பி அனுப்பிட்டாங்க. அதை விட ஆத்திரம், வெளி மெம்பர்களுக்கு மீட்டிங்குக்கு குடுக்குற 1,000 ரூபாயையும் அக்கவுண்ட்ஸ்ல நிறுத்துனாங்க, "பயணமே பண்ணலையே"ன்னு. அது பயணத்துக்கு இல்ல, 200 பக்கம் படிக்கிறதுக்குன்னு விளக்கம் எழுதி எழுதி எட்டு மாசம் கழிச்சு வந்துச்சு. தையல் கடை மூடிக் கெடந்த மாசத்துல அந்த ஆயிரம் அக்காவுக்கு என்னன்னு எனக்குத் தெரியும். நீங்க ஆரம்பிக்கும்போதே சிட்டிங் ஃபீஸ் வேற, பயணப்படி வேறன்னு தனித்தனியா ஆர்டர் வாங்கிடுங்க, நெட் செலவுக்கும் ஒரு வரி சேத்துக்கோங்க.

2022-ல மறுபடி நேர்ல கூட ஆரம்பிச்சோம். அதே ரூம், அதே பீரோ, டீ, சமோசா. அக்கா நல்ல பட்டுப் புடவை கட்டிட்டு வந்தாங்க. மூணு மணி நேரத்துல ஒரு வார்த்தை பேசல. முடிஞ்சு பஸ் ஸ்டாண்டுக்கு என் வண்டியில கொண்டு விடும்போது கேட்டேன், என்னக்கா ஒண்ணும் சொல்லலையேன்னு. "போன்ல என் வீட்ல உக்காந்துட்டு இருந்தேன் டாக்டரம்மா, தைரியமா இருந்துச்சு. இங்க எல்லாரும் பெரிய பெரிய ஆளா கோட்டு போட்டு உக்காந்திருக்காங்க"ன்னாங்க. அதுக்கப்புறம் நேர் மீட்டிங்குக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு அக்காவுக்கு போன் போட்டு எல்லா கன்சென்ட் ஃபார்மையும் படிச்சுக் காட்டி அவங்க கேள்விய எழுதிக்குவேன், மறுநாள் மீட்டிங்ல அவங்க பேரைச் சொல்லி மொதல்ல அதைத்தான் வாசிப்பேன். எனக்கு அடுத்து வந்த டாக்டருக்கு பாஸ்வேர்டு, சாவியோட அக்கா நம்பரையும் குடுத்தேன், எட்டு மணிக்கு மேல கூப்பிடுங்க, அப்பத்தான் கடைய மூடுவாங்கன்னு.